பள்ளிக்கரணையும் ஒரு கிலோமீட்டர் கோடும்

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குறித்து ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன் பிறகு எங்கள் பகுதியில், அதுவரை நிலப்படத்தைத் திரும்பியும் பார்த்திராதவர்கள்கூடத் தங்கள் வீட்டு வாசலுக்கும் சதுப்பின் விளிம்புக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று கைப்பேசியில் அளக்கத் தொடங்கினார்கள். ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பரப்புக்குள்ளும், அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும், அறிவியல் ஆய்வு முடிந்து சதுப்பின் தாக்க மண்டலம் எதுவென்று வரையறுக்கப்படும்வரை கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி வழங்கக்கூடாது என்பதே அந்த உத்தரவின் சாரம். ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் ஏரி ஒன்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் என்றால் அதில் நாலு தோப்பும் ஒரு கோயிலும் இருக்கலாம். பள்ளிக்கரணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் என்பது பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், ஜல்லடியன்பேட்டை, வேளச்சேரி எனத் தென்சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளைத் தொட்டுச் செல்லும் ஒரு பெரும் வளையம்.

அந்த வளையத்துக்குள்தான் நானும் குடியிருக்கிறேன். எங்கள் நகரின் நலச் சங்கத்தில் உறுப்பினன் என்ற முறையில், உத்தரவு வெளியான பின் நடந்த கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், சில நேரங்களில் பேசியும் இருக்கிறேன். இதைப் பறவைக்கும் மனிதனுக்கும் இடையிலான வழக்காகவே பத்திரிகைகளும் அண்டை அயலாரும் பேசிவருவதில் எனக்கு உடன்பாடில்லை. சதுப்பு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்காகக் கட்டுமானங்கள் சில காலம் நிறுத்தி வைக்கப்படுவதையும் ஏற்கிறேன். ஆனால் நிறுத்தி வைப்பதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அளவுகோல் நீரைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கிறது. அதனால் தண்டனை விழ வேண்டிய சில இடங்களில் விழாமலும், விழ வேண்டாத பல இடங்களில் கனமாகவும் விழுகிறது.

முதலில் இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் பட்டியலில் பள்ளிக்கரணை 2022இல் இடம்பெற்றபோது அதன் பரப்பு 1,247.54 ஹெக்டேர் என்று பதிவானது. இதில் வனத்துறையின் கையில் காப்புக்காடாக இருப்பது ஏறத்தாழ 700 ஹெக்டேர். அதுவும் 2007 தொடங்கிச் சிறிது சிறிதாக மாற்றித் தரப்பட்டது. மீதி 550 ஹெக்டேர் அளவில் வருவாய்த்துறை நிலமும், மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும், தனியார் பட்டா நிலங்களும் அடங்கும். அறிவிப்பு வந்த நாளில் ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். இன்று நாட்டிலேயே அதிகமாக 20 ராம்சார் தளங்கள் கொண்ட மாநிலம் தமிழ்நாடு என்பதும் பெருமைக்குரியதுதான். ஆனால் எந்தச் சர்வே எண் உள்ளே, எந்தச் சர்வே எண் வெளியே என்பதைக் களத்தில் அளந்து கல் நட்டு மக்களுக்குக் காட்டும் வேலை அந்தப் பெருமையோடு சேர்ந்து நடக்கவில்லை. மூன்றாண்டுகள் அந்த வேலை கிடப்பில் கிடந்ததன் விளைவாகத்தான் நீதி அமைப்பு ஒரு கிலோமீட்டர் என்ற முரட்டுக் கோட்டைக் கையிலெடுக்க நேர்ந்தது. கோட்டைப் போட்டவர்களைத் திட்டுவதற்கு முன்னால் கோடு போடாமல் இருந்தவர்களைக் கேட்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது, அரசியல் பேசாதீர்கள் சார் என்றார் ஒருவர்.

இனிச் சதுப்பு எப்படி வேலை செய்கிறது என்பது. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்தில் யார் பேசுவதும் வீண்பேச்சாகவே முடியும். தாம்பரத்தை ஒட்டிய மேட்டுப் பகுதிகளிலிருந்து கிழக்கு நோக்கிச் சரியும் நிலத்தில், நம் முன்னோர் ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்திருக்கிறார்கள். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், நன்மங்கலம் நிரம்பினால் கீழ்க்கட்டளை, கீழ்க்கட்டளையின் கலங்கல் வழிந்தால் நாராயணபுரம், அங்கிருந்து பள்ளிக்கரணை என்று ஒரு சங்கிலி. தெற்கே ஒட்டியம்பாக்கம், அரசன்கழனி, சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று இன்னொரு சங்கிலி. வடக்கே ஆதம்பாக்கம், வேளச்சேரி ஏரிகளின் உபரி நீருக்கும் இதுவே வடிநிலம். இப்படிப் பல பத்து ஏரிகளின் நீரும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழையும் வந்து சேரும் கடைசித் தட்டு இந்தச் சதுப்பு. உள்ளே வரும் வழிகள் பல. வெளியே போகும் முக்கிய வழி ஒன்றே ஒன்று, ஒக்கியம் மடுவு. அங்கிருந்து தெற்கு பக்கிங்காம் கால்வாய், கால்வாயிலிருந்து முட்டுக்காட்டை ஒட்டிய கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்திலோ, கால்வாய் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நேரத்திலோ இந்த ஒரே வழியும் மந்தமாகிவிடும். அப்போது வந்த நீர் அத்தனையும் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். சதுப்பு அந்த இடம். கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே, ஏறத்தாழச் சமதளமாகக் கிடக்கும் நிலம் என்பதால், இங்கே நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும் அது பக்கவாட்டில் வெகுதூரம் பரவும்.

இதிலிருந்து தெரியவருவது என்னவென்றால், சதுப்பின் நலன் அதன் விளிம்பில் மட்டும் தீர்மானமாவதில்லை. சதுப்பிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் ஏரியின் போக்குக்கால்வாயை ஒருவர் பாதியாகக் குறுக்கினால் அதன் விளைவு சதுப்பிலும் தெரியும், இடையிலுள்ள ஊர்களிலும் தெரியும். சதுப்பிலிருந்து 800 மீட்டரில் இருந்தாலும், மேடான ஒரு பழைய தெருவில், முன்பே வீடு நின்ற மனையில், அதே அளவில் புது வீடு எழுப்புவதால் நீருக்கு நேரும் கெடுதல் மிகக் குறைவு. முதல் காரியம் வளையத்துக்கு வெளியே நடந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டாவது காரியம் வளையத்துக்குள் நடப்பதால் கோப்பு திரும்பி வருகிறது.

ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 இந்த இடத்தில் தெளிவாகவே பேசுகின்றன. ஒரு ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்தப் பகுதியின் வளர்ச்சிப் பணிகள் அந்த ஈரநிலத்தின் இயல்பையும் பயன்களையும் கெடுக்குமோ, அந்தப் பகுதியே அதன் தாக்க மண்டலம் என்பது விதிகளின் வரையறை. மீட்டர் கணக்கு அதில் இல்லை. தாக்க மண்டலத்துக்குள் எதைத் தடுக்க வேண்டும், எதை ஒழுங்குபடுத்த வேண்டும், எதை அனுமதிக்கலாம் என்று மூன்று பட்டியல்கள் தயாரிக்கவும் விதிகள் சொல்கின்றன. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர், விதிகள் நிரந்தரக் கட்டடத்தைத் தடுப்பது சராசரி உச்ச வெள்ளமட்டக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள்தானே, ஒரு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. ஐம்பது மீட்டர் விதி ஈரநிலத்தின் உடம்பைக் காக்க வந்தது. தாக்க மண்டலம் அதற்கு நீர் வரும் வழியைக் காக்க வந்தது. ஐம்பது மீட்டரைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்தால் சதுப்பு ஒரு வேலிபோட்ட குட்டையாகிவிடும். ஒரு கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் முடிவு பெரிதாக வேறுபடப் போவதில்லை, நடுவில் சில ஆயிரம் குடும்பங்கள் அலைக்கழிந்திருக்கும் என்பதைத் தவிர.

அந்தக் குடும்பங்களைப் பற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுற்றுவட்டார நலச் சங்கங்கள் பல சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூடின. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். அரை கிரவுண்டு மனை; மகளுக்காக வாங்கிப்போட்டது. அரசே ஒப்புதல் தந்த மனைப்பிரிவு, அரசே பதிவு செய்த கிரயம், அரசே வசூலித்த வரி. இப்போது அதே அரசு இங்கே வீடு கட்டக்கூடாது என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது என்று அவர் கேட்டபோது மண்டபத்தில் பதில் சொல்ல ஆளில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள் வேறு இருந்தார்கள். வாடகை ஒரு பக்கம், வங்கிக் கடனின் மாதத் தவணை ஒரு பக்கம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வேலை தரும் ஒரு மேஸ்திரி, தம் ஆட்களில் பாதிப் பேரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இவர்களில் யாரும் சதுப்பைத் தூர்த்தவர்கள் இல்லை. ஆனால் இவர்களுக்காகப் பேசுகிறோம் என்று முன்வரிசையில் அமர்ந்திருந்த சிலர் பேசியது வேறு மாதிரி இருந்தது. தடையையே நீக்கு, ராம்சார் பரப்பையே குறை, சதுப்பு என்பதே பழைய கதை என்கிற தொனி அதில். அரை கிரவுண்டுக்காரரின் கண்ணீரை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் இருபது ஏக்கர்க்காரர் ஒளிந்துகொள்வது நம் ஊரில் புதிதில்லை.

மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எழுந்து பேசிய ஒரு வயதான அம்மாள் சொன்னதுதான் என் நினைவில் அதிகம் தங்கியது. அவர் பள்ளிக்கரணையில் பிறந்தவர். கழுவெளியில் (சதுப்பை ஊரார் அப்படித்தான் அழைப்பார்கள்) மாடு மேய்த்ததையும், கோரை அறுத்ததையும், நீர் வடியும் காலத்தில் மீன் பிடித்ததையும் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் ஊர் மேட்டில் இருந்தது, கழுவெளி பள்ளத்தில் இருந்தது, இரண்டுக்கும் சண்டை இல்லை என்றார். பிறகு, நீங்கள் எல்லாரும் பள்ளத்தில் வீடு கட்டிவிட்டு மழை வந்தால் எங்கள் மேட்டுக்குத்தானே ஓடி வருகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிலர் சிரித்தார்கள். சங்கத் தலைவர் நேரமாகிவிட்டது என்று அடுத்தவரை அழைத்தார்.

இந்தப் பள்ளம் எப்படி வீட்டு மனையானது என்று பார்த்தால், கதையின் முதல் பாத்திரம் தனிமனிதர் இல்லை. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது. வருவாய்ப் பதிவேடுகளில் அது பயனற்ற புறம்போக்காகவே பார்க்கப்பட்டது. புறம்போக்கு என்றால் அரசுக்கு எதையும் கொண்டுவைக்க வசதியான நிலம். 1980களின் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வந்தது. 1993இல் தொடங்கப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும், பின்னர் காற்றாற்றல் ஆய்வு நிறுவனமும் வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இங்கேதான் வளாகம் அமைத்தன. கடலையும் காற்றையும் ஆராய வந்தவர்கள் காலடியில் இருந்த நீரை ஆராயாமல் விட்டார்கள் என்று சொல்வது கொஞ்சம் குறும்பான பேச்சுதான்; அந்தக் காலத்தில் யாருமே ஆராயவில்லை. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலை சதுப்பின் குறுக்கே ஒரு கரையைப் போல எழுந்தது. சாலைக்கு வடக்கே நிற்கும் நீர் தெற்கே போக வேண்டுமானால் சாலைக்கு அடியில் விடப்பட்ட சில கண்களின் வழியாகத்தான் போக வேண்டும். பறக்கும் ரயில் பாதை 2007இல் வேளச்சேரிவரை நீண்டது. பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையானது. வேலை அங்கே வந்ததும் வீடு பின்னால் வந்தது. அரசு முதலில் போட்ட சாலையின் ஓரத்தில், அரசு ஒப்புதல் தந்த மனையில், வங்கி தந்த கடனில் வீடு வாங்கியவர் கடைசியாக வந்தவர். கடைசியாக வந்தவரிடமிருந்து கணக்குத் தீர்க்கத் தொடங்குவதுதான் எளிது.

குப்பைக் கிடங்கைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. சதுப்பின் மடியில் 200 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில், தென்சென்னையின் குப்பை முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கொட்டப்பட்டது. 2022 ஏப்ரல் இறுதியில் அது தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தபோது, ஜன்னலை அடைத்தும் புகை உள்ளே வந்தது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணியை மாநகராட்சி தொடங்கி, பெரும்பகுதியை முடித்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். மீட்கப்பட்ட நிலம் திரும்பவும் சதுப்பாக விடப்படுமா, அல்லது அதிலும் ஏதேனும் ஒரு திட்டம் முளைக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு குடும்பத்திடம் உன் அரை கிரவுண்டில் வீடு கட்டாதே என்று சொல்லும் அரசு, தன் கையில் உள்ள நூற்றுக்கணக்கான ஏக்கரில் என்ன செய்கிறது என்பதைத்தான் மக்கள் முதலில் பார்ப்பார்கள்.

பெரிய திட்டங்களின் கதை இதோடு சேர்ந்ததே. 2025 அக்டோபரில், பெரும்பாக்கத்தில் ராம்சார் எல்லைக்குள் வரும் நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு அனுமதி தரப்பட்டிருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நிலம் தனியார் பட்டா என்றும் எல்லைக்கு வெளியே உள்ளது என்றும் நிறுவனம் மறுத்தது. எல்லை இன்னும் களத்தில் அளந்து உறுதி செய்யப்படவில்லை என்றது அரசுத் தரப்பு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை வந்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது அந்த ஒரு வாக்கியம்: எல்லை அளந்து உறுதி செய்யப்படவில்லை. எல்லை உறுதியாகவில்லை என்பதே பெரிய திட்டம் ஒன்று அனுமதி பெறுவதற்கும் காரணமாகிறது, சிறிய வீடு அனுமதி பெறாமல் நிற்பதற்கும் காரணமாகிறது. அளக்காத எல்லை, வசதியுள்ளவருக்கு ஒரு விதமாகவும் இல்லாதவருக்கு வேறு விதமாகவும் பொருள்படும்.

சதுப்பைக் காப்பது எங்களுக்கு எதிரான காரியம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது வெள்ளத்தைப் பற்றித்தான். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த நீர் எந்த வழியாக இறங்கியிருக்கும் என்பதை மேலே சொன்ன ஏரிச் சங்கிலியைப் பார்த்தாலே ஊகிக்கலாம். முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளங்கள் மூழ்கின. எட்டு ஆண்டுகள் கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே இடங்களில் அதே காட்சி. வாகன நிறுத்தத்தில் நின்ற கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று மோதிய காணொளியை நாடே பார்த்தது. நடுவில் 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் டேங்கர் லாரிக்காகக் குடங்களும் அடுக்குமாடிகளும் ஒன்றாகக் காத்திருந்தன. ஓர் ஆண்டு நீரில் மூழ்கி இன்னோர் ஆண்டு நீரின்றித் தவிக்கும் இடத்தில், மழைநீரைப் பிடித்து வைத்து மண்ணுக்குள் இறக்கும் நிலத்தின் விலை என்ன என்று எந்தச் சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பிலும் எழுதப்படவில்லை. வீட்டுக் காப்பீட்டுக்கும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் வாங்கி வைக்கும் மோட்டாருக்கும், உயர்த்திக் கட்டும் படிக்கட்டுக்கும் நாங்கள் செலவிடுவது, இழந்த சதுப்புக்காகக் கட்டும் வட்டியன்றி வேறென்ன.

பூநாரையும் கூழைக்கடாவும் நீளவால் இலைக்கோழியும் இங்கே வருவது எனக்கு மகிழ்ச்சிதான். காலையில் 200 அடிச் சாலையின் ஓரம் பெரிய கேமராவோடு நிற்கும் இளைஞர்கள் எங்களுக்குப் பழகிய முகங்கள். ஆனால் பறவையை மட்டும் முன்வைத்துப் பேசும்போது, பறவைக்காக நாங்கள் வீடு கட்டாமல் இருக்க வேண்டுமா என்ற கேள்வி உடனே வருகிறது, பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. நீரை முன்வைத்துப் பேசினால் அதே மனிதர் தம் தெருவின் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று யோசிக்கத் தொடங்குகிறார். பறவை ஆர்வலர்களிடம் இதைச் சொன்னால் சிலர் வருந்துகிறார்கள். பறவை அங்கே இருப்பது நீர் அங்கே நிற்பதால்தானே.

இத்தனை பேச்சிலும் வராத ஒரு கூட்டம் உண்டு. சதுப்பின் கிழக்கு விளிம்பில் கண்ணகி நகர், அதற்குத் தெற்கே செம்மஞ்சேரி, மேற்கே பெரும்பாக்கம். அடையாறு, கூவம் கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை 2000ஆம் ஆண்டு தொடங்கி அரசு குடியமர்த்திய இடங்கள் இவை. பல பத்தாயிரம் வீடுகள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் ஆபத்து என்று சொல்லித்தான் 2015க்குப் பிறகு பலரைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த இடமும் வெள்ளம் தேங்கும் இடம். இவர்கள் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கப் போவதில்லை, எனவே தடை இவர்களைத் தொடவில்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் எளிதாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒக்கியம் மடுவு அடைபட்டால் முதலில் நனையும் வீடுகளில் இவர்களுடையவையும் உண்டு. எங்களைப் போல மாடி கட்டிக்கொள்ளவோ, வாசலை உயர்த்திக்கொள்ளவோ அவர்களால் இயலாது. சதுப்பை ஒட்டி வாழ்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று நலச் சங்கங்கள் கோருகின்றன. சதுப்பை ஒட்டி மிக நெருக்கமாக வாழ்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கோரிக்கை எங்களுக்கே சங்கடமாகிவிடும்.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சுருக்காமல் சொல்லிவிடுகிறேன். தடை இருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். ஆய்வு எப்போது முடியும் என்று தெரியாத தடை, குறுக்கு வழியில் அனுமதி வாங்கித்தரும் தரகர்களைத்தான் வளர்க்கும். ஏற்கெனவே வீடு நின்ற மனையில் பழுதுபார்ப்பதையும், அதே அளவில் திரும்பக் கட்டுவதையும், தரையை மண் கொட்டி உயர்த்தாமல் தூண்மேல் கட்டுவது போன்ற நிபந்தனைகளோடு பிரித்து அனுமதிக்கலாம். புதிய மனைப்பிரிவுகளையும் பெரிய அடுக்குமாடிகளையும் அதோடு சேர்த்து எண்ணக்கூடாது. ராம்சார் பரப்புக்குள் சிக்கியுள்ள உண்மையான பட்டா நிலங்களுக்கு அரசு விலை கொடுத்தோ மாற்று நிலம் கொடுத்தோ எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டவும் கூடாது, விற்கவும் ஆளில்லை என்று ஒரு குடும்பத்தை நிறுத்தி வைப்பது நியாயமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கிலோமீட்டர் வட்டத்தின் இடத்தில் நீரின் வரைபடம் வர வேண்டும்: எந்த ஏரியிலிருந்து எந்தக் கால்வாய், அதன் பழைய அகலம் என்ன, 2015இலும் 2023இலும் நீர் எங்கெங்கே நின்றது, எந்தத் தாழ்நிலம் இன்னும் காலியாக இருக்கிறது. சென்னைப் பெருநகருக்குத் தயாராகிவரும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் அந்த வரைபடம் நில வகைப்பாடாகவே ஏற வேண்டும். இரண்டாம் முழுமைத் திட்டத்திலும் பள்ளிக்கரணைச் சதுப்புப் பகுதி என்று ஒரு தனிப் பிரிவு இருக்கத்தான் செய்தது. காகிதத்தில் ஒரு நிறம் இருந்தும் தரையில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். எனவே கால்வாய்களின் அகலத்தைக் கல் நட்டு ஊரறியக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

நீரின் வரைபடம் வந்தால் இப்போது வட்டத்துக்குள் இருக்கும் சில தெருக்கள் விடுபடும். இப்போது வட்டத்துக்கு வெளியே நிம்மதியாக இருக்கும் சில இடங்கள், நாராயணபுரம் ஏரியின் உபரிநீர் வழியை ஒட்டியவை போல, உள்ளே வரும். எங்கள் தெருவின் கீழ்க்கோடியும் உள்ளே வரக்கூடும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மிக்ஜாமின்போது அங்கே இடுப்பளவு நீர் நின்றது. நலச் சங்கங்களின் கூட்டமைப்பு அனுப்பவிருந்த மனுவைத் தயாரிக்கும் குழுவில் இதை நான் எழுத்தில் கொடுத்தேன். கெடு, பழைய வீடுகளுக்கு விலக்கு, பட்டாதாரர்களுக்கு இழப்பீடு என்ற மூன்று கோரிக்கைகளை அவர்கள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். நீரின் வரைபடம் என்ற நான்காவது கோரிக்கையில் பேச்சு முட்டிக்கொண்டது. நாமே போய் நம் தலையில் மண் போட்டுக்கொள்வதா என்று கேட்டவர், என்னோடு பதினைந்து ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர், நல்ல நண்பர். வரைபடத்தில் இடம்பெற்றால் மனையின் விலை இறங்கும் என்பது அவர் கவலை. வரைபடம் இல்லாவிட்டால் மழைக்கு மழை வீட்டின் விலை இறங்குகிறதே என்பது என் பதில். வாக்கெடுப்பில் அந்தக் கோரிக்கை விடப்பட்டது. மனு மூன்று கோரிக்கைகளோடு மாநில ஈரநில ஆணையத்துக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் போனது. நான்காவதை, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்து, என் பெயரில் தனி மனுவாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதன் நகலைப் பக்கத்து வீட்டு நண்பரிடமும் கொடுத்திருக்கிறேன்.